நோரா அவுனோர்: தன்னைக் கும்பிட்ட கூட்டத்தையே கதையாக்கிய நடிகை

பிலிப்பைன்ஸ் சினிமாவில் எழுதத் தகுந்த நடிகைகள் பலர் உண்டு. குளோரியா ரொமேரோவின் நிதானம், லோலிட்டா ரோட்ரிகஸின் அழுத்தமான நடிப்பு, வில்மா சாந்தோஸின் நீண்ட ஓட்டம் ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நோரா அவுனோரை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. ரசிகர்கள் தெய்வமாகக் கொண்டாடிய ஒரு நடிகை, தன் உச்சத்தில் நின்றுகொண்டு அந்த வழிபாட்டையே இரண்டு படங்களில் கேள்வி கேட்டார். அதில் ஒன்றைத் தன் சொந்தக் காசில் எடுத்தார். இப்படி ஒரு காரியம் எந்த நாட்டு சினிமாவிலும் அபூர்வம். அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார், அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அவர் வந்தபோது இருந்த திரை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மணிலா சினிமா சில பெரிய ஸ்டூடியோக்களின் கையில் இருந்தது. சம்பகீட்டா, எல்.வி.என்., பிரிமியர் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நாயகி யார், அவருக்கு ஜோடி யார், பத்திரிகையில் எந்தப் படம் வர வேண்டும் என்பதெல்லாம் ஸ்டூடியோ முடிவு செய்யும். நாயகி என்றால் வெளுத்த நிறம், எடுப்பான மூக்கு, ஸ்பானிய அல்லது அமெரிக்கக் கலப்பு தெரியும் முகம். 'மெஸ்திசா' என்று அங்கே சொல்வார்கள். சம்பகீட்டாவின் ராணியாக இருந்த குளோரியா ரொமேரோவே அமெரிக்காவின் டென்வரில் பிறந்தவர். நாட்டில் பெரும்பாலான பெண்கள் மாநிறமாகவும் கறுப்பாகவும் இருக்க, திரையில் அந்த முகத்துக்குக் கிடைத்தது வேலைக்காரி வேடம்தான்.

நோரா 1953 மே 21-ல் இரிகாவில் பிறந்தார். லூசோன் தீவின் தென்கோடியில் உள்ள பிகோல் பகுதியில், காமரினஸ் சூர் மாகாணத்தில் இருக்கும் ஊர் அது. பெற்றோர் வைத்த பெயர் நோரா கபல்தேரா வில்யமயோர். பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. மணிலாவிலிருந்து வரும் ரயில் இரிகா நிலையத்தில் நிற்கும்போது பயணிகளுக்குக் குடிதண்ணீர் விற்ற சிறுமி அவர். பிற்பாடு எத்தனையோ பேட்டிகளில், எத்தனையோ பத்திரிகைக் கட்டுரைகளில் இந்தத் தண்ணீர் விற்ற கதை வந்துவிட்டது. ஆனாலும் அதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு படத்தில் தண்ணீர் வேறொரு விதமாக வரப்போகிறது.

அவரை வெளியே கொண்டுவந்தது குரல். உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த, கீழ்ஸ்தாயிக் குரல். சிறுவர் பாட்டுப் போட்டிகளில் தொடங்கி, 1967-ல் நாடே பார்த்துக்கொண்டிருந்த 'தவாக் நங் தங்ஹாலன்' போட்டியில் சாம்பியன் ஆனார். அவுனோர் என்பது மணிலா பக்கம் அவரை வளர்த்து ஆதரித்த உறவினர் குடும்பத்தின் பெயர். மேடைக்கு அதையே வைத்துக்கொண்டார். அதே ஆண்டில் சம்பகீட்டா அவரை ஒப்பந்தம் செய்தது. கொடுத்ததெல்லாம் சின்ன வேடங்களும் நடுவில் ஒரு பாட்டும்தான். அந்த முகத்தை நாயகியாக நினைத்துப் பார்க்க ஸ்டூடியோவுக்கு மனம் வரவில்லை.

வேறொரு சிறிய நிறுவனமான டவர் புரொடக்ஷன்ஸ் துணிந்தது. டவரின் இளைஞர் பாட்டுப் படங்கள் 1969 வாக்கில் ஓட ஆரம்பித்தன. அதற்கப்புறம் நிலவரம் தலைகீழானது. 1970-ல் மட்டும் அவர் நடித்துப் பத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. 'பேர்லி ஷெல்ஸ்' பாட்டின் இசைத்தட்டு, அந்த நாட்டில் அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்றாகப் பேர்வாங்கியது.

ஒரு பொம்மைக்குக் கிடைத்த பாசம்

டிர்சோ குரூஸ் என்ற இளம் பாடகருடன் நோரா ஜோடி சேர்ந்தார். ரசிகர்கள் அந்த ஜோடியை 'கை - பிப்' என்று அழைத்தார்கள். 'கை' என்பது நோரா, 'பிப்' என்பது டிர்சோ. நோராவைக் கடைசிவரை 'ஆத்தே கை' என்றுதான் அழைத்தார்கள். 'கை அக்கா' என்று நாம் சொல்வதைப் போல.

டிர்சோ நோராவுக்கு ஒரு பெரிய பொம்மையைப் பரிசாகக் கொடுத்தார். அதற்கு மரியா லெயனோரா தெரேசா என்று பெயர். ரசிகர்கள் அந்தப் பொம்மையை இருவருக்கும் பிறந்த குழந்தையாகவே பாவித்தார்கள். அதற்குப் பரிசுகள் வந்தன, பத்திரிகைகளில் அதன் படம் வந்தது. இதைப் படித்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. அந்த ரசிகர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பு வராது. வீட்டு வேலை செய்த பெண்கள், ஆலைத் தொழிலாளிப் பெண்கள், சந்தையில் கடை வைத்தவர்கள், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள். திரையில் முதன்முறையாகத் தங்கள் நிறத்தில், தங்கள் உயரத்தில், தங்கள் மூக்கோடு ஒருத்தி நாயகியாக நின்றதைப் பார்த்தவர்கள். கைக்காசைச் செலவழித்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வில்மா சாந்தோஸின் ரசிகர்களோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். அந்தப் பிரிவினைக்கு நோரானியன், வில்மானியன் என்று பெயரே வந்துவிட்டது.

இந்த அன்பின் உள்ளே ஒரு ஆபத்தும் இருந்தது. நேசிக்கப்படுபவர் மாறவே கூடாது என்று எதிர்பார்க்கும் அன்பு அது. இதை நோரா நன்றாகவே உணர்ந்திருந்தார் என்று அவருடைய அடுத்த பத்தாண்டுப் படங்களைப் பார்த்துச் சொல்லலாம்.

சொந்தக் காசில் எடுத்த முடிவுகள்

1972 செப்டம்பரில் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். தணிக்கை இறுகிய அதே காலத்தில்தான் லினோ புரோக்கா, இஷ்மாயெல் பெர்னால், மாரியோ ஓஹாரா போன்ற இயக்குநர்கள் பிலிப்பைன்ஸ் சினிமாவின் ஆகச் சிறந்த படங்களை எடுத்தார்கள். தேடிவந்த பாட்டுப் படங்களிலேயே நோரா காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் 'என்.வி. புரொடக்ஷன்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கி, இந்த இயக்குநர்களிடம் போனார்.

1976 ஒன்றே போதும் அவருடைய துணிச்சலைக் காட்ட. ஓஹாரா இயக்கி, நோராவின் நிறுவனம் தயாரித்த 'தத்லோங் தாவோங் வாலாங் தியோஸ்' ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்துக் கதை. ரொசாரியோ ஒரு கிராமத்து ஆசிரியை. ஜப்பானியப் படையில் இருக்கும் கலப்பின அதிகாரி ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். பிறகு மன்னிப்பு கேட்டு வந்து நிற்கிறான். அவள் அவனோடு வாழ்கிறாள், குழந்தை பிறக்கிறது, நேசமும் வருகிறது. போர் முடிந்ததும் ஊர் அவளை விடுவதில்லை. லட்சக்கணக்கான பேர் நெஞ்சில் வைத்திருந்த நாயகி, எதிரியை நேசித்த பெண்ணாக, ஊரார் வெறுக்கும் பெண்ணாக வருகிறாள். அந்த அதிகாரியாக நடித்தவர் கிறிஸ்டோபர் டி லியோன். நிஜ வாழ்விலும் அப்போது நோராவின் கணவர். விமர்சகர்கள் புதிதாகத் தொடங்கிய காவாட் உரியான் விருதின் முதல் சிறந்த நடிகை நோராதான், இந்தப் படத்துக்காக.

அதே 1976-ல் வந்த 'மின்சாய் இசாங் காமு-காமோ' அமெரிக்க ராணுவ தளத்தை ஒட்டி வாழ்ந்த குடும்பத்தைப் பற்றியது. அமெரிக்கா போகத் துடிக்கும் ஒரு நர்ஸ். அவளுடைய தம்பியை அமெரிக்கச் சிப்பாய் சுட்டுவிட்டு, காட்டுப்பன்றி என்று நினைத்ததாகச் சொல்கிறான். 'என் தம்பி பன்றி இல்லை' என்று அவள் வெடிக்கும் இடம் அந்த நாட்டில் அறியாதவர் இல்லை. படத்தை இயக்கியவர் லுபிதா அகினோ கொன்சியோ. மார்கோஸால் சிறையில் அடைக்கப்பட்டிருந்த எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அகினோவின் தங்கை. இந்தக் குடும்பப் பெயரும் பின்னால் திரும்ப வரும்.

போனா, 1980

என் கணக்கில் நோராவைப் புரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டிய படம் இதுதான். தயாரிப்பு அவருடையது, இயக்கம் லினோ புரோக்கா.

படம் கியாப்போவின் கறுப்பு நசரேயன் திருவிழாவில் தொடங்குகிறது. மணிலாவில் ஆண்டுதோறும் ஜனவரி 9-ல் கறுத்த இயேசு சிலை தேரில் வரும். வடத்தைத் தொட, சிலையைத் துணியால் துடைக்க, லட்சக்கணக்கானவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் போனாவின் முகம். அங்கிருந்து கேமரா நேரே ஒரு சினிமா ஷூட்டிங்குக்குப் போகிறது. அங்கேயும் அவள் கூட்டத்தில்தான் நிற்கிறாள். அவள் கும்பிடுவது கார்டோ என்ற துணை நடிகனை. நாயகன்கூட இல்லை, சண்டைக் காட்சியில் அடிவாங்குகிறவன்.

வசதியான வீட்டுப் பெண் படிப்பை விட்டு, அப்பாவின் அடியைத் தாங்கி, கார்டோவின் குடிசைக்குப் போய்ச் சேருகிறாள். அவனுக்கு மனைவி ஆகவில்லை, வேலைக்காரி ஆகிறாள். சேரியின் பொதுக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிறாள், தூக்கிவந்து அடுப்பில் காய்ச்சுகிறாள், பதமாக விளாவி அவனைக் குளிப்பாட்டுகிறாள். அவன் வேறு பெண்களைக் கூட்டிவருகிறான். அவள் ஒதுங்கிப் படுத்துக்கொள்கிறாள். இந்தத் தண்ணீர் வேலையை புரோக்கா மறுபடி மறுபடி காட்டுகிறார். நோராவின் கையைப் பாருங்கள். கனத்தைத் தூக்கிப் பழகிய கை அது. குடத்தை இறக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்த நடிகை.

முடிவில் கார்டோ ஒரு பணக்கார விதவையோடு அமெரிக்கா போகிறேன், குடிசையை விற்றுவிட்டேன், நீ வீட்டுக்குப் போ என்கிறான். சொல்லிவிட்டுக் குளிக்க வெந்நீர் கேட்கிறான். அவள் பேசவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, விளாவாமல் அப்படியே தூக்கிவந்து அவன்மேல் ஊற்றுகிறாள். படம் அங்கேயே நின்றுவிடுகிறது.

தன் ரசிகைகளைப் போன்ற ஒருத்தியாக நோரா நடித்தார். அவர்களைக் கேலி செய்யவில்லை, அதுதான் பெரிய விஷயம். போனாவின் பக்தியில் இருக்கும் பசியையும், அது அவளைத் தின்பதையும், கடைசியில் வரும் கோபத்தையும் சமமான மரியாதையோடு காட்டினார். 1981-ல் கேன் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் படம் திரையிடப்பட்டது.

ஹிமாலா, 1982

போனா ரசிகையின் பக்கம் நின்று பார்த்தது. இரண்டே வருஷத்தில் நோரா எதிர்ப்பக்கம் போய் நின்றார், கும்பிடப்படும் இடத்தில். 'ஹிமாலா' என்றால் அற்புதம். கதை ரிக்கி லீ, இயக்கம் இஷ்மாயெல் பெர்னால். மார்கோஸ் அரசு அப்போது தொடங்கியிருந்த பிலிப்பைன்ஸ் பரிசோதனை சினிமா நிறுவனம் பணம் போட்டது. 1960களின் பிற்பகுதியில் கப்ரா தீவில் பள்ளிச் சிறுமி ஒருத்தி மாதாவைக் கண்டதாகச் சொல்லி, மக்கள் திரண்ட சம்பவத்திலிருந்து ரிக்கி லீக்கு இந்தக் கதை பிறந்தது.

குப்பாங் என்ற வறண்ட கிராமத்தில் சூரிய கிரகணத்தன்று எல்சா குன்றின்மேல் மாதாவைப் பார்க்கிறாள். பிணியாளிகள் வருகிறார்கள். பின்னாலேயே கடைகள், விடுதிகள், சுற்றுலாக்காரர்கள், ஒரு விபசார விடுதி என்று எல்லாம் வருகின்றன. மணிலாவிலிருந்து ஆர்லி என்ற படக்காரன் கேமராவோடு வருகிறான். எல்சாவும் அவள் தோழியும் பலாத்காரத்துக்கு ஆளாகிறார்கள். அதைத் தடுக்காமல் ஆர்லி படம்பிடிக்கிறான். தோழி தற்கொலை செய்துகொள்கிறாள். எல்சா கர்ப்பமாகிறாள், மக்கள் அதையும் அற்புதம் என்கிறார்கள். கூடவே மழையும் பெய்துவிடுகிறது.

கடைசிக் காட்சி இலோகோஸ் நோர்ட்டேயின் மணல்வெளியில் எடுக்கப்பட்டது. சுமார் 3,000 பேர் கூட்டமாக நின்றார்கள். மேடையில் ஒரு மைக், பின்னால் வெறுமையான வானம், நடுவில் சின்னஞ்சிறு உருவம். அற்புதம் எதுவும் இல்லை, அது மனிதர்கள் மனசில்தான் இருக்கிறது, சாபத்தையும் தெய்வத்தையும் நாமே உண்டாக்குகிறோம் என்று எல்சா சொல்கிறாள். ஆரம்பத்தில் குரல் உயரவே இல்லை. முகம் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கிறது. கைகள் மெல்ல விரிகின்றன, பிறகு குரல் ஏறுகிறது. பத்தாண்டுகளுக்கு மேல் மைக் முன்னால் நின்று பாடிய பெண்ணுக்கு, மூச்சை எங்கே பிடித்து எங்கே விட வேண்டும் என்பது சொல்லித்தரவே வேண்டாம். பேச்சு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு துப்பாக்கி சுடுகிறது. நெரிசல், மிதிபாடு. அற்புதம் இல்லை என்று சொல்லி இறந்தவளின் பெயராலேயே மக்கள் மண்டியிட்டுக் குன்றேறுகிறார்கள்.

'நான் தெய்வம் இல்லை' என்று தன் வாயால் சொல்லும் வேடத்தை நாட்டின் பெரிய நட்சத்திரம் ஏற்றார். வேறொரு நல்ல நடிகை எல்சாவாக நடித்திருந்தால் படம் நன்றாகத்தான் வந்திருக்கும். ஆனால் இந்தப் பாரம் வந்திருக்காது. 1982 மணிலா பெருநகரத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகை விருது. 1983-ல் பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவில் படம் கலந்துகொண்டது. 2008-ல் சி.என்.என். நடத்திய வாக்கெடுப்பில் ஆசிய-பசிபிக் படங்களில் எக்காலத்துக்கும் சிறந்தது என்று பார்வையாளர்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

சரிவும் திரும்பலும்

1986 தேர்தலில் நோரா மார்கோஸுக்காகப் பிரசாரம் செய்தார். மார்கோஸ் நாட்டைவிட்டு ஓடிய பிறகு அந்த முடிவு அவரை நீண்டகாலம் துரத்தியது. 'மின்சாய்' போன்ற படத்தில் நடித்தவர் இதைச் செய்தது எனக்கும் வருத்தம்தான். அதை மறைத்து அவரைப் புகழ்வதில் பயனில்லை. 2001-ல் காமரினஸ் சூர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

நடிப்பில் அவர் வழி தவறவே இல்லை. 1990களின் தொடக்கத்தில் பெட்டா நாடகக் குழுவோடு மேடையேறி, வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பினோப் பெண்களின் கதையை நடித்தார். அப்புறம் 1995 மார்ச் 17-ல் ஃபிளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற வீட்டுப் பணிப்பெண் சிங்கப்பூரில் கொலை வழக்கில் தூக்கிலிடப்பட்டார். பிலிப்பைன்ஸ் முழுக்கக் கொதித்தது. அதே ஆண்டு ஜோயல் லமங்கன் எடுத்த படத்தில் ஃபிளோராக நோரா நடித்தார். கெய்ரோ விழாவில் படத்துக்கு முதல் பரிசு, நோராவுக்குச் சிறந்த நடிகை விருது.

2000களில் அவர் அமெரிக்கா போனார். 2005-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதானார். மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்த பிறகு அந்த வழக்கு தள்ளுபடியானது. 2010 வாக்கில் ஜப்பானில் செய்துகொண்ட ஓர் அழகுச் சிகிச்சையின்போது தொண்டை பாதிக்கப்பட்டு, பாடும் குரல் போய்விட்டது என்று அவரே சொன்னார். எந்தக் குரலை வைத்து இரிகாவிலிருந்து வந்தாரோ, அது இல்லாமல் 2011-ல் ஊர் திரும்பினார்.

அதன் மறு ஆண்டு பிரிலான்டே மென்டோசா அவருக்கு ஏறக்குறையப் பேச்சே இல்லாத வேடம் கொடுத்தார். 'தை வூம்ப்' படத்தில் தென்கோடித் தாவி-தாவித் தீவுகளில், நீர்மேல் வீடு கட்டி வாழும் பட்ஜாவ் இனத்து மருத்துவச்சி ஷலேஹா. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்ப்பவள், தனக்குப் பிள்ளை இல்லை. கணவனுக்கு இரண்டாவது பெண் தேடி, வரதட்சணைக்குப் படகின் மோட்டார்வரை விற்கத் துணிந்து, கடைசியில் அந்தப் பிரசவத்தையும் அவளே பார்க்கிறாள். கணவனாக வந்த பெம்போல் ரோக்கோ, 1976-ன் 'தத்லோங் தாவோங்' படத்தில் ரொசாரியோவின் முந்தைய காதலனாக வந்தவர். 2012 வெனிஸ் போட்டிப் பிரிவில் படம் இருந்தது. ஆசிய பசிபிக் திரை விருதும், மறு ஆண்டு ஆசியத் திரைப்பட விருதும் சிறந்த நடிகையாக நோராவுக்கே வந்தன. பேசாமல் கண்ணாலேயே ஒரு படம் முழுவதையும் தாங்கியதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

பட்டம்

2014-ல் தேசியக் கலைஞர் பட்டத்துக்குக் கலாச்சார அமைப்புகள் நோராவின் பெயரைப் பரிந்துரைத்தன. அதிபர் மூன்றாம் பெனிக்னோ அகினோ பெயரை நீக்கினார். போதைப்பொருள் விவகாரத்தைக் காரணமாகச் சொன்னார். அவர் நினோய் அகினோவின் மகன். 'மின்சாய்' இயக்குநர் லுபிதா அவருடைய அத்தை. 2018-லும் நோராவுக்குப் பட்டம் இல்லை. 2022-ல்தான் கிடைத்தது. ஹிமாலாவை எழுதிய ரிக்கி லீக்கும் அதே ஆண்டில்தான் பட்டம் வந்தது. எட்டு வருஷத் தாமதத்துக்கு ஒழுக்கம் ஒரு காரணமே இல்லை என்பது என் எண்ணம். கலைஞருக்குத் தரும் பட்டத்தில் கலையைத்தான் நிறுக்க வேண்டும். நிறுத்திருந்தால் 1982-லேயே முடிந்திருக்க வேண்டிய பேச்சு அது.

2025 ஏப்ரல் 16-ல், 71 வயதில், மூச்சுத்திணறலால் அவர் இறந்தார். ஏப்ரல் 22-ல் அரசு மரியாதையோடு வீரர்களின் கல்லறையில் அடக்கம் நடந்தது.

அவர் நடித்த 150-க்கும் மேற்பட்ட படங்களில் இன்று நல்ல பிரதியில் பார்க்கக் கிடைப்பவை கொஞ்சம்தான். வெக்கையும் ஈரமும், கவனிப்பாரின்மையும் சேர்ந்து பிலிப்பைன்ஸ் படச்சுருள்களை அழித்துவிட்டன. ஹிமாலா 2012-ல் மீட்டெடுக்கப்பட்டு வெனிஸில் திரையிடப்பட்டது. போனாவின் மூல நெகடிவ் பிரான்சில் இருந்ததால் அதையும் சரிசெய்ய முடிந்தது. 2024-ல் கேன் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் புதுப் பிரதி வந்தது. 'தத்லோங் தாவோங்'குக்கும், டவர் காலத்துப் பாட்டுப் படங்களுக்கும் இதே கவனிப்பு வேண்டும். அந்தப் பாட்டுப் படங்களைக் குப்பை என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். கறுத்த பெண்ணை நாயகியாக முதலில் நிறுத்தியவை அவைதான். அவை இல்லாமல் போனாவும் எல்சாவும் யாருக்கு எதிராகப் பேசினார்கள் என்பதே விளங்காது.